ஏழு மணிக்கு மேல் அடுப்பு எரியாது

ராஜகீழ்ப்பாக்கம்
20.9.2025, சனிக்கிழமை

அன்புக் கொடிக்கு,

இன்று காலை எழுந்ததும் முதல் காரியமாக நான்கு முட்டைகளை வேகப்போட்டேன். தண்ணீர் கொதித்த பிறகுதான் உறைத்தது, லீவு முடிந்து நீ புதன்கிழமையே விடுதிக்குப் போய்விட்டாய் என்று. போதாததற்குப் புரட்டாசி சனிக்கிழமை. அப்பா அடுப்பை எட்டிப் பார்த்துவிட்டு நாமம் போட்டுக்கொள்ளப் போய்விட்டார். மேடவாக்கத்துக்கு டயட் டப்பாக்களை எடுத்துப் போக வந்த பாலு அண்ணனிடம் நீட்டினேன்.

"இன்னாக்கா, பெருமாள் நாளா பாத்து முட்டைய குடுக்கற?"

வேண்டாமென்றால் வைத்துவிடு என்றேன்.

"அவரு கோச்சுக்கினா ரெண்டு துளசிய போட்டு சமாதானம் பண்ணிக்கலாம். வவுறு கோச்சுக்கினா இன்னா பண்றது?" என்று நின்ற இடத்திலேயே உரித்துத் தின்றுவிட்டுத்தான் வண்டியை எடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை போனில் உன்னோடு எதுவும் பேச முடிவதில்லை. வார்டன் ஸ்பீக்கரைப் போட்டுவிட்டுப் பக்கத்திலேயே நிற்கிறார். உனக்குப் பின்னால் வரிசை. "சாப்டியா", "சாப்டேன்", "அப்பா எங்கே", "ஷிப்ட்டு" என்பதற்குள் போன் அடுத்த பெண் கைக்குப் போய்விடுகிறது. அதனால்தான் காகிதத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். கல்லூரி விடுதியில் இருந்தபோது எழுதியதற்குப் பிறகு நான் எழுதும் முதல் கடிதம் இது. கையெழுத்து இப்படிக் கோணிப்போயிருக்கும் என்று நினைக்கவில்லை.

இங்கே எல்லாம் வழக்கம்போல. டப்பா வாங்கும் ஒன்பதாவது மாடி சூர்யநாராயணன் சார் நேற்று போன் செய்தார். பெல்ட்டில் இன்னொரு ஓட்டை போட்டுக்கொண்டாராம். "கோகிலா மேடம், என் வொய்ஃபே நம்பலை. ஆனா நைட் பத்து மணிக்கு ஒரு பசி வருது பாருங்க, அதுக்கு மட்டும் ஏதாவது வழி சொல்லுங்க" என்றார். நான் எல்லோரிடமும் சொல்வதைத்தான் அவரிடமும் சொன்னேன்: "ஏழு மணிக்கு மேல உங்க வீட்ல அடுப்பே எரியாதுன்னு நினைச்சுக்கங்க சார்." நீ பக்கத்தில் டப்பாவுக்கு மூடி போட்டுக்கொண்டிருந்தால், என்னோடு சேர்ந்து வாயை அசைத்துக் கேலி செய்திருப்பாய். சொல்லி முடித்துவிட்டு உன் பக்கம் திரும்பிப் பார்த்தேன்.

சினேகாவின் அப்பா ஆல்வின் அண்ணன் ஞாயிற்றுக்கிழமை அங்கே வருகிறார். எள்ளுருண்டை, தேங்காய் எண்ணெய், இரண்டு பாக்கெட் நாப்கின் கொடுத்தனுப்பியிருக்கிறேன். இங்கே இருந்த வாரத்தில் உனக்குத் தலை வாரிவிடும்போது சீப்பில் நிறைய முடி வந்தது. வேலூர்த் தண்ணீர்தான் காரணம் என்று அப்பா சொல்கிறார். எண்ணெய் வை.

பதில் எழுது. இரண்டு வரி போதும்.

அன்புடன்,
அம்மா


விடுதி
28.9.2025

அன்பு அம்மா,

இரண்டு வரி கேட்டாய், இரண்டு பக்கம் எழுதுகிறேன், பார்.

உன் கடிதத்தை சினேகாவிடம் படித்துக்காட்டினேன். பாலு அண்ணன் துளசியில் பெருமாளைச் சமாதானம் செய்யும் இடம் வந்ததும் விழுந்து விழுந்து சிரித்தாள். "உங்கம்மாவ எங்கப்பாவுக்கும் ஒரு லெட்டர் எழுதச் சொல்லுடி, அந்த மனுஷன் 'ஜெபம் பண்ணு'ன்றத தாண்டி ஒண்ணும் எழுத மாட்டாரு" என்றாள். எள்ளுருண்டையை அறையில் எல்லோருக்கும் கொடுத்துவிட்டேன். எனக்கு ஒன்றை எடுத்து வைத்திருக்கிறேன். சாப்பிடவில்லை, படிக்கும்போது வாசனை மட்டும் பார்த்துக்கொள்கிறேன்.

நவம்பர் 29 மாநிலப் பளுதூக்கும் தேர்வு என்று உறுதியாகிவிட்டது. ஒவ்வொரு எடைப் பிரிவிலும் எங்கள் அகாடமியிலிருந்து ஒரே ஒரு பெண்ணைத்தான் அனுப்புவார்கள். நான் நாற்பத்தெட்டு கிலோ பிரிவு, சினேகா ஐம்பத்து மூன்று. இதில் ஒரு சிக்கல். லீவு முடிந்து வந்ததும் எடை பார்த்தார்கள். ஐம்பத்தொன்றரை. கோச் சுந்தரவல்லி மேடம் கண்ணாடியை இறக்கிவிட்டு என்னைப் பார்த்தார்.

"அம்மா சமையலா?"

"ஆமா மேடம்."

"வளர்ற வயசு, உடம்பு ஏறத்தான் செய்யும். பேசாம அம்பத்து மூணுல போயிடு, கொடி."

முடியாது மேடம், இறங்கிவிடுவேன் என்று சொல்லிவிட்டேன். ஐம்பத்து மூன்றுக்குப் போனால் சினேகாவோடு மோத வேண்டும். ஒரே கட்டிலில் மேலும் கீழும் படுக்கிறோம். அவள் இரண்டு வருடமாகக் காத்திருக்கிற இடம் அது. அவளுக்கு இந்தத் தேர்வில் பெயர் வந்தால்தான் ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் கல்லூரி. எனக்கும் அப்படித்தான், ஆனால் எனக்கு நாற்பத்தெட்டு இருக்கிறதே.

அப்பாவிடம் சொல், ஸ்நாட்ச் நன்றாக வருகிறது. முழங்கையை மடக்காமல் தலைக்கு மேல் நிறுத்துகிறேன்.

உன்,
கொடி


ராஜகீழ்ப்பாக்கம்
5.10.2025

அன்புக் கொடிக்கு,

உன் கடிதத்தை அப்பா ரயில்வே கார்ஷெட்டுக்கு எடுத்துப்போய்விட்டார். அவரோடு வேலை செய்யும் எல்லோரும் படித்தாகிவிட்டதாம். ஒரு மூலையில் கிரீஸ் கறையோடுதான் என்னிடம் திரும்பி வந்தது.

மூன்றரை கிலோ இறங்க வேண்டும் என்று கேட்டதும் சிரித்தார். "இதெல்லாம் ஒரு மேட்டரா? எங்க காலத்துல போட்டிக்கு முந்தின நாள் ரெயின்கோட்ட மாட்டிக்கினு ஏர்ஃபோர்ஸ் ரோடுல ஓடுவோம். ரெண்டு கிலோ வேர்வையாவே போய்டும். என் பொண்ணுக்குத் தெரியாதா?" என்றார். அவர் தூக்கிய காலத்தில் மாவட்டத்தைத் தாண்டவில்லை என்பது உனக்குத் தெரியும். அதை அவர் சொல்வதில்லை. ஆனால் நீ மாநிலத்துக்குத் தேர்வாகும்வரை டீயில் சர்க்கரை போட்டுக்கொள்வதில்லை என்று திருநீர்மலையில் வேண்டிக்கொண்டு வந்திருக்கிறார். காலையில் முகத்தைச் சுளித்துக்கொண்டு குடிக்கிறார். கேட்டால் ருசியாக இருக்கிறதாம்.

நானும் சொல்கிறேன், கவலைப்படாதே. மேடவாக்கத்தில் பாதிப் பேரை இளைக்கவைத்தவள் உன் அம்மா. அவள் பெற்ற பெண்ணுக்கு மூன்றரை கிலோ ஒரு பாரமா? நம் வீட்டில் என்ன பேசிக்கொள்வோமோ அதையே செய்தால் போதும், இறங்கிவிடும்.

நீ பயிற்சி முடித்து வந்து சாக் பவுடர் கையோடு பின்கதவைத் தள்ளுவாயே, அந்த வெள்ளைத் தடம் இன்னும் கதவில் இருக்கிறது. பாத்திரம் தேய்க்க வரும் எல்லம்மா துடைக்கப் போனாள். "இன்னாம்மா இது, கதவுல மாவு ஒட்டிகினு கீது?" என்றாள். இருக்கட்டும் விடு என்றேன். அவள் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுத் துணியைப் பிழிந்தாள்.

பெரிதாக ஒன்றுமில்லை. மத்தியானம் டப்பாக்கள் போனபிறகு வீடு ரொம்ப அமைதியாகிவிடுகிறது. முன்பெல்லாம் அந்த நேரத்துக்கு ஏங்குவேன்.

அடுத்த முறை ஆல்வின் அண்ணனிடம் என்ன கொடுத்தனுப்ப?

அன்புடன்,
அம்மா


விடுதி
14.10.2025

அன்பு அம்மா,

தீபாவளிக்கு விடுமுறை இல்லை. தேர்வு நெருங்குகிறது, யாரும் ஊருக்குப் போகக்கூடாது என்று மேடம் சொல்லிவிட்டார். இரண்டு பெண்கள் அழுதார்கள். நான் அழவில்லை. பாத்ரூமுக்குப் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன், அவ்வளவுதான்.

நல்ல செய்தி, நாற்பத்தொன்பதே முக்கால். போன மாதக் கடைசியிலிருந்தே நீ சொன்னபடிதான் செய்கிறேன் அம்மா. இங்கே ராத்திரி எட்டு மணிக்குச் சப்பாத்தி, முட்டை, பால் எல்லாம் வைக்கிறார்கள். நான் போவதே இல்லை. ஏழு மணிக்கு மேல் அடுப்பே எரியாது என்று நினைத்துக்கொள்கிறேன். முதல் வாரம் கஷ்டமாக இருந்தது. வயிறு சத்தம் போடும், மேல் கட்டிலில் சினேகாவுக்குக் கேட்கும். "ஏய், உன் வவுத்துக்குள்ள யாரோ ஃபர்னிச்சர் நகத்துறாங்கடி" என்பாள். இப்போது பழகிவிட்டது. சூர்யநாராயணன் சாரிடம் சொல், பத்து மணிப் பசி பதினைந்து நாளில் போய்விடுகிறது.

ஒன்றும் அனுப்ப வேண்டாம். தின்பதற்கு எதுவும் வேண்டவே வேண்டாம். நாப்கின்னும் வேண்டாம், போன தடவை அனுப்பியதே பிரிக்காமல் இருக்கிறது. என் பழைய ஸ்வெட்டர் இருந்தால் மட்டும் அனுப்பு. காலையில் எல்லோருக்கும் வேர்க்கிறது, எனக்கு மட்டும் குளிர்கிறது. மலைக்காற்று போல.

கதவைத் துடைத்துவிடு அம்மா. எல்லம்மா அக்கா பாவம்.

உன்,
கொடி


ராஜகீழ்ப்பாக்கம்
19.10.2025

அன்புக் கொடிக்கு,

நாளை தீபாவளி. பலகாரம் எதுவும் செய்யவில்லை. அப்பா கேட்டதற்கு ஆர்டர் அதிகம் என்று சொன்னேன். உண்மையில் உன் கடிதத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

கொடி, அந்தச் சொல்லை நான் உனக்குச் சொல்லவில்லை. காலையிலிருந்து ராத்திரிவரை நாற்காலியில் உட்கார்ந்து, லிஃப்டில் இறங்கி, காரில் ஏறி வீட்டுக்கு வருகிறவர்களுக்குச் சொன்னது அது. அவர்கள் உடம்பில் செலவு இல்லை. நீ காலையும் மாலையும் உன் எடையைவிட அதிகமான இரும்பைத் தலைக்கு மேல் தூக்குகிறாய். உனக்கும் சூர்யநாராயணன் சாருக்கும் ஒரே சாப்பாடா? மனையியல் படித்தவள் நான், இதை முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும். அதை விட்டுவிட்டு மேடவாக்கத்தை இளைக்கவைத்தவள் என்று உனக்குப் பெருமையடித்து எழுதியிருக்கிறேன். நீயும் அம்மா சொன்னாள் என்று செய்துகொண்டிருக்கிறாய்.

ராத்திரிச் சாப்பாட்டை நாளையிலிருந்து சாப்பிடு. பால், முட்டை இரண்டையும் விடாதே. அது கொழுப்பாகப் போய் உட்காராது. பகலில் நீ கிழித்துக்கொள்ளும் தசையை ராத்திரியில் தைக்கிற நூல் அது.

இன்னொன்று கேட்கிறேன். கூச்சப்படாமல் எழுது. நாப்கின் பிரிக்காமல் இருக்கிறது என்றால், மாதாமாதம் வர வேண்டியது வரவில்லையா? எப்போதிலிருந்து? நீ இங்கே இருந்த ஒரு வாரத்தில் நான் கேட்கவில்லை. தலை வாரிவிட்டேன், தட்டில் போட்டேன், இதை மட்டும் கேட்கவில்லை.

ஸ்வெட்டர் அனுப்புகிறேன். மலைக்காற்று இல்லை அது.

அன்புடன்,
அம்மா


விடுதி
26.10.2025

அம்மா,

இதைப் படித்துவிட்டுக் கிழித்துப் போட்டுவிடு. அப்பாவிடம் காட்டாதே, கார்ஷெட் முழுக்கப் போய்விடும்.

சுதந்திர தினத்துக்கு முன்னால் வந்தது. அதற்குப் பிறகு இல்லை. அப்போதிருந்தே எடைக்குப் பயந்து குறைவாகத்தான் சாப்பிடுகிறேன். இங்கே இன்னும் இரண்டு மூன்று பேருக்கு அப்படித்தான். ஒருத்தி "ஜாலிதான், ஒரு தொல்லை விட்டது" என்றாள். நானும் அப்படித்தான் நினைத்தேன். போட்டி முடிந்ததும் தானாக வந்துவிடும் என்கிறார்கள்.

நீ சொன்னதால் மூன்று நாள் ராத்திரி சாப்பிட்டேன். எழுநூறு கிராம் ஏறிவிட்டது. எடைக் கருவியிலிருந்து இறங்கி, மறுபடி ஏறிப் பார்த்தேன் அம்மா. சாப்பாட்டைப் பார்த்தாலே கிராமாகத் தெரிகிறது. நிறுத்திவிட்டேன்.

மேடத்துக்கு எதுவும் தெரியாது. மாதாமாதம் ஒரு நோட்டில் தேதி எழுதச் சொல்வார், நான் பழைய கணக்குப்படி எழுதிவிடுகிறேன். தெரிந்தால் அந்த நிமிடமே பட்டியலிலிருந்து எடுத்துவிடுவார். போன வருடம் ஒரு அக்காவை அப்படித்தான் உட்காரவைத்தார். "மெடல் அடுத்த வருஷமும் கெடைக்கும், எலும்பு கெடைக்காது" என்று சொன்னாராம். இல்லையென்றால் சினேகாவோடு மோதச் சொல்வார். இரண்டும் எனக்கு வேண்டாம்.

இன்னும் ஒரு மாதம்தான். எனக்காக இதை மட்டும் செய். யாரிடமும் சொல்லாதே. நீ மேடத்திடம் சொன்னால் நான் உனக்கு இனிமேல் கடிதம் எழுத மாட்டேன். போனில் கூப்பிட்டாலும் வர மாட்டேன். சும்மா சொல்லவில்லை.

நீ என்னைப் பற்றி நினைத்துக்கொண்டு இருப்பாய் என்று தெரியும். நானும்தான். ராத்திரி சாப்பிடப் போகாமல் படுத்திருக்கும்போது நம் வீட்டுச் சமையலறையை ஒவ்வொரு தட்டாக நினைத்துப் பார்ப்பேன். சீரகம் எங்கே, கடுகு எங்கே, நீ எந்தக் கையால் கரண்டி பிடிப்பாய். தூக்கம் வந்துவிடும்.

கொடி


ராஜகீழ்ப்பாக்கம்
9.11.2025

அன்புக் கொடிக்கு,

நீ கேட்டபடி கடிதத்தைக் கிழித்துவிட்டேன். யாரிடமும் காட்டவில்லை.

ஆனால் சேலையூரில் டாக்டர் கீதாவிடம் போனேன். காலையில் பெய்த மழையில் ஜங்ஷனில் முழங்கால் தண்ணீர், ஆட்டோக்காரர் பாதி வழியில் இறக்கிவிட்டுவிட்டார். நடந்தே போனேன். உன் பெயரைச் சொல்லவில்லை, பயப்படாதே. டப்பா வாங்கும் வீட்டில் ஒரு பெண், எடை தூக்குகிறாள், ராத்திரி சாப்பிடுவதில்லை, மூன்று மாதமாக வரவில்லை, குளிர்கிறது, முடி கொட்டுகிறது என்று சொன்னேன்.

"கோகிலா, சாப்பிடற சாப்பாடு அவ தூக்கற வெயிட்டுக்கே பத்தலை. அப்ப உடம்பு என்ன பண்ணும்? இருக்கற கரண்ட்டுல எது அவசரமோ அதுக்கு மட்டும் குடுத்துட்டு மத்த கடையெல்லாம் ஒண்ணொண்ணா சாத்தும். முதல்ல சாத்தறது இந்தக் கடையத்தான். அப்புறம் எலும்பு. எலும்பு கட்ட வேண்டிய வயசு இது, இப்ப விட்டா பின்னாடி ஈடு கட்டறது கஷ்டம்" என்றார்.

மாத்திரை ஏதாவது உண்டா என்று கேட்டேன்.

"சாப்பாடுதான் மாத்திரை. மத்த டெஸ்ட்டும் பாக்கணும். தூக்கறத கொஞ்ச நாள் குறைக்கணும்." பிறகு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "அந்தப் பொண்ணோட அம்மாவ நான் பாக்கணும்னு சொல்லுங்க."

சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தேன். வாசலில் செருப்பைத் தேடுவதற்கு வெகுநேரமாயிற்று. என் காலடியில்தான் இருந்தது.

உன்னிடம் ஒன்றை மறைக்காமல் சொல்கிறேன். மேடத்துக்குத் தெரிந்தால் உன்னை ஓய்வுக்கு வீட்டுக்கு அனுப்பிவிடுவார் என்று நினைத்தபோது, ஒரு நிமிடம் என் மனம் குதித்தது. மத்தியானத்தில் நீ இந்த வீட்டில் இருப்பாய், பின்கதவைத் தள்ளிக்கொண்டு வருவாய் என்று. உன் கனவு உடைந்தால் எனக்கு நீ கிடைப்பாய் என்று நினைக்கிற மனம். அதனால்தான் இத்தனை நாள் கையைக் கட்டிக்கொண்டிருந்தேன். உனக்காகச் சொல்கிறேனா, எனக்காகவா என்று எனக்கே தெரியவில்லை.

அதனால் நீயே போய் மேடத்திடம் சொல். அம்மாவுக்காக இல்லை. எலும்பைப் பற்றிப் பேசுகிற கோச் எல்லோருக்கும் கிடைப்பதில்லை. நீயாகச் சொன்னால் அவர் உன் பக்கம் நிற்பார் என்று நினைக்கிறேன்.

அப்பாவிடம் சாடையாகப் பேசிப் பார்த்தேன். "கொடிக்கு ரொம்பக் கஷ்டமா இருந்தா இந்த வருஷம் விட்டுடலாமா?" என்றேன். டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டார். "அவ சொன்னாளா? நீ சொல்றியா?" என்றார். நான்தான் என்றேன். "அப்ப அவள தூக்க வுடு, கோகிலா" என்றார். கோபமாக இல்லை. கெஞ்சுவது போலச் சொன்னார்.

உன் பதிலுக்காகக் காத்திருக்கிறேன்.

அம்மா


விடுதி
16.11.2025

அம்மா,

சொல்ல மாட்டேன்.

நாற்பத்தெட்டே கால் வந்துவிட்டேன். இன்னும் கால் கிலோ, அதைக் கடைசி இரண்டு நாளில் தண்ணீர் குடிக்காமல் இறக்கிவிடுவேன். வியாழக்கிழமை க்ளீனில் கம்பியைத் தோளுக்கு ஏற்றும்போது ஒரு நொடி கண் இருட்டியது, கீழே விட்டுவிட்டேன். யாருக்கும் அடிபடவில்லை. கை வழுக்கிவிட்டது என்று சொல்லிவிட்டேன். மேடம் சாக் பவுடர் இன்னும் கொஞ்சம் போட்டுக்கொள் என்றார்.

அம்மாவைப் பார்க்க வேண்டும் என்று சொன்ன டாக்டரிடம் போகாதே.

29ஆம் தேதி முடியட்டும். அன்றைக்கு ராத்திரி நீ என்ன வைத்தாலும் சாப்பிடுகிறேன். எவ்வளவு வைத்தாலும். சத்தியம்.

அதுவரை எனக்கு எழுதாதே. உன் எழுத்தைப் பார்த்தால் பசிக்கிறது.

கொடி


ராஜகீழ்ப்பாக்கம்
23.11.2025, ஞாயிறு

அன்புக் கொடிக்கு,

எழுதாதே என்றாய். எழுதுகிறேன்.

இன்று நீ போனில் வரவில்லை. வார்டன் "கொடி தலைவலின்னு படுத்திருக்கா" என்றார். மத்தியானம் ஆல்வின் அண்ணன் சர்ச்சிலிருந்து நேராக இங்கே வந்தார். உள்ளே வரச் சொன்னால் வரவில்லை, கேட்டைப் பிடித்துக்கொண்டே நின்றார்.

"சிஸ்டர், தப்பா எடுத்துக்காதீங்க. சினேகா போன்ல அழுவுது. இன்னாடா கண்ணு, வெயிட்டு ஏறலையான்னு கேட்டா, 'அதில்லப்பா, கொடி அவ தட்ட என் பக்கம் தள்ளிட்டு தண்ணிய குடிச்சிட்டுப் படுத்துக்குது. எனக்கு சோறு எறங்க மாட்டேங்குதுப்பா'ன்னுது. வார்டன் பக்கத்துல நிக்கறப்பவே சொல்லிடுச்சு, பாவம், தாங்க முடியல போல. எங்கூட்டுப் பொண்ணுக்காகத்தான் உங்க பொண்ணு இதெல்லாம் பண்ணுதுன்னும் சொல்லுச்சு. எனக்கு அந்த இடமே வேணாம் சிஸ்டர். ரெண்டு பேருமே தூக்கட்டும். எவ ஜெயிச்சாலும் நான் கேக்கு வாங்கியாறேன்."

காபி குடித்துவிட்டுப் போங்கள் என்றேன். அதற்கும் அவர் நிற்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு வண்டியை எடுத்தார்.

சினேகாவைப் பார், கொடி. தன் இடம் போனாலும் பரவாயில்லை என்று அவள் வாயைத் திறந்துவிட்டாள். உனக்காக ஏங்குகிறேன் என்று பக்கம் பக்கமாக எழுதிய நான் இன்னும் திறக்கவில்லை. எனக்கு எது பயம் என்று இப்போது தெரிகிறது. உன் மெடல் போவதில்லை, உன் எலும்புகூட இல்லை. உன் கடிதம் நின்றுபோய்விடும் என்பது. நான்கே நான்கு கடிதம் வந்திருக்கிறது, அதில் ஒன்றைக் கிழித்தாயிற்று. மீதியைக் காப்பாற்றிக்கொள்வதற்காக ஒரு மாதம் உன்னைப் பட்டினி போட்டிருக்கிறேன்.

சாயங்காலம் டப்பா வாங்குகிறவர்கள் எல்லோருக்கும் நாளை விடுமுறை என்று செய்தி அனுப்பினேன். சூர்யநாராயணன் சார் உடனே, "மேடம், அப்ப நாளைக்கு பிரியாணி ஓகேவா?" என்று கேட்டார். சாப்பிடுங்கள் சார் என்று பதில் போட்டேன். அப்பா இரவு ஷிப்ட்டில் இருக்கிறார். காலையில் அவர் வருவதற்குள் நான் கிளம்பியிருப்பேன். தாம்பரத்தில் காஞ்சிபுரம் பஸ், அங்கிருந்து வேலூர். இட்லி ஊற்றி வைத்துவிட்டு, ஒரு அவசர வேலை என்று துண்டுச்சீட்டு எழுதி வைக்கப்போகிறேன்.

சுந்தரவல்லி மேடத்திடம் எல்லாவற்றையும் சொல்லப்போகிறேன். ஆகஸ்டிலிருந்து வராததை, நோட்டில் நீ எழுதிய பொய்த் தேதிகளை, கண் இருட்டியதை, நீ யாருக்காக அந்தப் பிரிவில் பிடிவாதமாக நிற்கிறாய் என்பதை, ஏழு மணிச் சொல் யாருடையது என்பதையும். உன்னை வீட்டுக்கு அனுப்பச் சொல்லிக் கேட்க மாட்டேன். அங்கேயே வைத்து, சாப்பிடவைத்து, திரும்பத் தூக்கவையுங்கள் என்றுதான் கேட்பேன். இந்த வருடம் இல்லாவிட்டால் அடுத்த வருடம், ஐம்பத்து மூன்றிலோ, உடம்பு எங்கே நிற்கிறதோ அந்தப் பிரிவிலோ. மத்தியானத்து அமைதியை நான் பார்த்துக்கொள்கிறேன்.

நீ இனி எனக்கு எழுத மாட்டாய். உன் பிடிவாதம் எனக்குத் தெரியும், என்னிடமிருந்து வந்ததுதான். கோபமாக இரு. நன்றாகக் கோபமாக இரு. கோபப்படுவதற்கும் உடம்பில் தெம்பு வேண்டும், அது முதலில் வரட்டும்.

இந்தக் கடிதத்தைத் தபாலில் போடவில்லை. என் கைப்பையில் வைத்துக்கொண்டுதான் வருகிறேன். மேடத்தின் அறையிலிருந்து வெளியே வந்தபிறகு, நீ என் முகத்தைப் பார்க்காவிட்டாலும், உன் கட்டில் மேல் வைத்துவிட்டுத் திரும்புவேன். அதுவரை இந்த முடிவு அப்பாவுக்குத் தெரியாது, சினேகாவுக்குத் தெரியாது, உனக்கும் தெரியாது.

என்றும் உன்,
அம்மா